காபிக்கு முன் ஒரு மணி நேரம்

தைராய்டு குறைபாட்டுக்கு ஒரு வருடமாகத் தைராக்சின் மாத்திரை விழுங்கியும் என் டி.எஸ்.எச். அளவு 11-க்குக் கீழே இறங்கவில்லை. தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்தத்தில் ஏறும் அளவு இது; பொதுவாக ஏறக்குறைய 4-க்குள் இருக்க வேண்டும். படியேறினால் கால் கனத்தது. சீப்பில் கொத்தாக முடி வந்தது. சித்திரை வெயிலிலும் போர்வை தேடினேன். மருந்தை இருமுறை கூட்டியும் பயனில்லை.

புதிய மருத்துவர் வேறொன்று கேட்டார்: "மாத்திரையை எப்போது, எதனுடன் விழுங்குகிறீர்கள்?"

விடிந்ததும் ஃபில்டர் காபியோடு. இட்லி முடிந்த கையோடு இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள். காபி இந்த மருந்து குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறதாம். இரும்பும் கால்சியமும் அதைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடுவதில்லை. இதை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம்தான் வந்தது.

இப்போது 5.30 மணிக்கு வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும். காபி 6.30-க்கு. கால்சியம் மதியம், இரும்பு இரவு. தைராக்சினுக்கும் இவற்றுக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கூட்டிய மருந்து முழுதாகச் சேர்ந்தால் ஹார்மோன் மிகுந்து நெஞ்சு படபடக்கும் என்று மருத்துவரே பழைய அளவுக்குக் குறைத்தார், நீங்களாகக் குறைக்காதீர்கள்.

6 வாரம் கழித்துப் பார்த்தபோது டி.எஸ்.எச். 3.2. போர்வையை மடித்து வைத்துவிட்டேன்.