ஜப்பான் பனிச்சறுக்குப் பயணம்: தேதியும் பெட்டியும்

ஜப்பானுக்குப் பனிச்சறுக்குக்காகச் செல்பவர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தேதியை முடிவு செய்துகொள்வது நல்லது. சைபீரியாவிலிருந்து வீசும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிவந்து மலைகளில் கொட்டுவதால், மாவு போன்ற மென்பனி ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் மிகுதியாகக் கிடைக்கும். எனினும் புத்தாண்டு விடுமுறை நாள்களிலும் சீனப் புத்தாண்டு வாரத்திலும் கூட்டமும் அறை வாடகையும் ஏறிவிடும்.

மென்பனியே குறிக்கோள் என்றால் நாட்டின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில் உள்ள நிசெகோ பொருத்தமானது. முதன்முறை முயல்பவர்கள் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் எனப்படும் அதிவேக ரயிலில் சுமார் 80 நிமிடங்களில் காலா யுசாவா நிலையத்தை அடையலாம். கருவிகளை வாடகைக்கு எடுப்பதும், மலைமேல் செல்லும் கொண்டோலா எனப்படும் கம்பிவட ஊர்தியில் ஏறுவதும் அந்த நிலையக் கட்டடத்திலேயே முடிந்துவிடும்.

சொந்தப் பலகைகளைக் கொண்டு செல்பவர்கள் அவற்றை ரயிலில் சுமந்து அல்லாடாமல், விமான நிலையத்திலேயே ‘தக்கியூபின்’ எனப்படும் பெட்டி அனுப்பும் சேவையில் ஒப்படைத்து, தங்கும் விடுதிக்கு நேரே அனுப்பிவிடலாம். அவை சென்றுசேர ஓரிரு நாள்கள் ஆகும், கடும்பனி பொழிந்தால் மேலும் தாமதமாகலாம் என்பதால், மருந்துகளையும் ஒரு செட் கம்பளி உடைகளையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது, குறிக்கப்பட்ட தடங்களுக்கு வெளியே சறுக்கும்போது நேரும் விபத்துகளும் அதில் அடங்குமா என்று நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். பல காப்பீடுகளில் அவை அடங்குவதில்லை.