மீட்கப்பட்ட தெருநாய்க்குட்டியைத் தத்துக்கு ஆயத்தப்படுத்துவது எப்படி?

குட்டியை மீட்ட அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிக் குடற்புழு நீக்கத்தைத் தொடங்க வேண்டும். நாய்க்குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் தொற்றான பார்வோ நோயின் அறிகுறி தெரிய 14 நாள் வரை ஆகக்கூடும் என்பதால், அதுவரை வீட்டிலுள்ள மற்ற நாய்களோடு அதைச் சேர்க்கவே கூடாது. வெறிநோய்த் தடுப்பூசியை 3 மாத வயதில் போடலாம்.

அச்சம் தெளிவதற்குத்தான் மிகுந்த பொறுமை தேவை. வாலை ஒடுக்கிக் கட்டிலுக்கடியில் பதுங்கும் குட்டியை இழுத்தெடுக்காமல், சற்றுத் தள்ளித் தரையில் பக்கவாட்டாக அமர்ந்து, வேகவைத்த கோழித்துண்டை உள்ளங்கையில் வைத்துக் காத்திருந்தால், அது தானாகவே முகர்ந்து பார்க்க வரும். அப்போதும் தலைக்கு மேல் கையை நீட்டாமல், மோவாய்க்குக் கீழே மெல்ல வருடுங்கள்.

தத்தெடுக்க வருவோர் வாடகை வீட்டில் வசித்தால், வீட்டு உரிமையாளரின் சம்மதத்தைக் கேட்டறியுங்கள். தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே, குட்டி பட்டாசுக்கு அஞ்சுவதையும் தனியே விட்டால் ஊளையிடுவதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.