திங்யான் விருந்துக்கு சூப் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன ஏப்ரலில் நாத்தனார் மகள் முதல்முறையாக மொத்தக் குடும்பத்துக்கும் சூப் வைத்தாள். நான் பக்கத்தில் பலகையைப் போட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் நான் செய்த கோளாறுகளை அவள் அச்சு மாறாமல் செய்துகொண்டிருந்தாள். உப்புக் கூடுவது, பூண்டு கருகுவது எல்லாம் ஒரு தடவை திட்டு வாங்கினால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக: ரங்கூனில் ஏப்ரல் நடுவில் திங்யான், தண்ணீர்த் திருவிழா. நம் சித்திரை வருடப்பிறப்பும் அதற்குள்ளேயே வந்துவிடும். சந்தை, கடை எல்லாம் மூடிக்கிடக்கும். பெகுவில் இருந்தும் மோல்மேனில் இருந்தும் சொந்தக்காரர்கள் வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டில் எப்படியும் 25 பேர்.

ஓட்டல் கணக்குப் போடுவது

சாப்பாட்டுக்கு முன்னால் தனியாகக் குடிக்கிற சூப் இல்லை இது. சோற்றோடு நடுவில் வைத்து, ஒரு வாய் சோறு, ஒரு கரண்டி சூப் என்று போகும். பர்மியர் ஹின்ஜோ என்பார்கள். சோள மாவு கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கினால் சோற்றோடு இறங்காது. 25 பேருக்கு 5 லிட்டர் தாராளம். சாசான் என்கிற கண்ணாடிச் சேமியா போட்டு அதையே சாப்பாடாகக் கொடுப்பதென்றால் 10 லிட்டர்.

ராத்திரியே வைத்து மூடிவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். காரணம், நானே கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான்.

புது மருமகள் கெட்டிக்காரி என்று பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை. திங்யான் முதல் நாள் ராத்திரியே 2 வீசைக் கோழியை (மூன்றேகால் கிலோ) பெரிய தேக்சாவில் போட்டு, இஞ்சி, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டேன். பத்து மணிக்கு இறக்கினேன். பூனைக்குப் பயந்து மூடியை இறுக்கி, மேலே அம்மிக் குழவியையும் தூக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். விடியற்காலை மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் சோப்பு நுரை போல் பொடிப்பொடியாக நுரை. கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுக்கிறது. கஞ்சி புளித்த வாடை.

சின்ன மாமியார் சொன்னார், "நல்லா கொதிக்க விட்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு விடு, யாருக்குத் தெரியப் போகுது?" என் மாமியார் ஒரு வார்த்தை பேசவில்லை. தேக்சாவை ஒரு பக்கம் அவர் பிடிக்க, மறுபக்கம் நான் பிடிக்க, கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினோம். வீட்டுக்காரர் தெருத்தெருவாகத் தண்ணீரில் நனைந்து அலைந்து, ஒரு வீட்டுக் குளிர்பெட்டியில் இருந்த கோழியைக் கெஞ்சி வாங்கி வந்தார். விலையில் இரட்டிப்புக்கு மேல். அதுவும் பாதி அளவுதான்.

நடந்தது இதுதான். கொதித்த சூப்பில் கிருமி செத்துவிடும், உண்மை. ஆனால் சில கிருமிகளின் வித்துகள் கொதிநிலையையும் தாங்கிக்கொள்ளும். சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அவை முளைத்துப் பெருக ஆரம்பிக்கும், 5 டிகிரிக்குப் போகும்வரை நிற்காது. சின்னச் சட்டி என்றால் அந்தக் கட்டத்தைச் சீக்கிரம் கடந்துவிடும். பெரிய தேக்சா, இறுக்கிய மூடி, ரங்கூனின் ஏப்ரல் வெக்கை: நடுவில் இருக்கிற சூப் விடிய விடிய வெதுவெதுப்பாகவே கிடக்கும். கிருமிக்கு நாமே தொட்டில் கட்டி ஆட்டிவிட்ட மாதிரி.

"மறுபடி கொதிக்க வைத்தால் போச்சு" என்பவர்களிடம்தான் எனக்குப் பெரிய சண்டை. கொதித்தால் கிருமி சாகும். அது கக்கி வைத்த விஷம் எல்லாம் சாகாது. சில வகை விஷம் கொதித்தாலும் அப்படியே இருந்து வாந்தியில் கொண்டுபோய் விடும். நுரையும் வாடையும் வந்தால் அதிர்ஷ்டம், கண்டுபிடித்துவிடலாம். ஒன்றுமே தெரியாமலும் கெட்டிருக்கும்.

ராத்திரி வைத்தே ஆக வேண்டும் என்றால் இறக்கியதும் எலும்பை எடுத்துவிட்டு, நாலைந்து அகலப் பாத்திரங்களில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஊற்றுங்கள். தண்ணீர்த் தொட்டியில் இறக்கி வைத்துக் கிண்டிக்கொடுங்கள், தண்ணீர் சூடாகச் சூடாக மாற்றுங்கள். ஐஸ் கட்டி கிடைத்தால் தொட்டியில் போடுங்கள், சூப்பில் போடாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு, அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு வந்துவிட வேண்டும் என்பது சமையல்கூடங்களில் வைத்திருக்கும் கணக்கு. (ஊரே தெருவில் தண்ணீரை வாரி இறைக்கிற பண்டிகையில் ஒரு தேக்சாவைக் குளிர வைக்கத் தண்ணீர் கிடைக்காதா என்ன?) ஆறியதும் குளிர்பெட்டிக்குள். கொதிக்கிற தேக்சாவை முழுசாக உள்ளே தள்ளினால் பெட்டிதான் சூடாகும்.

இத்தனைக்கும் பிறகு கரண்ட் போய்விட்டால் பட்ட பாடெல்லாம் வீண். எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் நான் இப்போது ராத்திரி வெங்காயம் நறுக்கி, பூண்டு உரித்து, காய்ந்த காளானையும் லில்லி மொட்டையும் எடுத்து வைப்பதோடு சரி. அடுப்பு விடியற்காலை ஐந்துக்கு. கோழிச் சாறுக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

நாத்தனார் மகளும் போன வருடம் மூடிக்கு மேல் குழவியைத்தான் தேடினாள். பிடுங்கி வைத்துவிட்டேன்.

எடை

யூடியூபில் கிலோவில் சொல்வார்கள், சந்தையில் வீசையில் நிறுப்பார்கள். 1 வீசை 1.63 கிலோ. கோழியை வீசையில் வாங்கிவிட்டு மிளகைக் கிலோவுக்குச் சொன்ன அளவில் போட்டால் சப்பென்றுதான் இருக்கும்.

சாசானைப் பானையிலேயே போடுவது

பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடிச் சேமியா அது. பானையில் போட்டு அரை மணி நேரம் விட்டால் சூப் முழுவதையும் குடித்துவிட்டுக் களியாக உட்கார்ந்திருக்கும். பிறகு வெந்நீர் ஊற்றி நீட்டுவார்கள், ருசி போய்விடும். தனியாக ஊற வைத்துக் கிண்ணத்தில் போட்டு, சாப்பிட உட்கார்ந்த பிறகு கொதிக்கிற சூப்பை மேலே ஊற்றுங்கள்.

புளியை முந்திப் போடுவது

பருப்பு சூப்பில் பருப்பு குழைந்த பிறகுதான் புளி. முதலிலேயே போட்டால் பருப்பு விறைத்து நிற்கும், கேஸ்தான் தீரும். புளிச்சக்கீரைச் சூப்பை அலுமினியத்தில் வைக்காதீர்கள். புளிப்பு பாத்திரத்தை அரித்துத் தகர வாடை அடிக்கும்.

சைவப் பானைக்கும் அதே கரண்டி

கூடவே கூடாது. வருடப்பிறப்பன்று பெரியத்தை கரண்டியை முகர்ந்து பார்ப்பார், மீன் சாறு வாடை அவருக்குத் தப்பாது.

அஜினோமோட்டோ

போடுவதானால் கால் ஸ்பூன். சாப்பாட்டு நேரத்தில் விவாதம் வேண்டாம்.

சுரைக்காயைச் சுவைக்காமல் நறுக்குவது

முதல்முறை வைப்பவர்கள் சுரைக்காய் ஹின்ஜோவில் ஆரம்பியுங்கள். காய்ந்த இறாலை நுணுக்கி, தட்டிய பூண்டோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, சுரைக்காய்த் துண்டுகளைப் போட்டு, வெந்ததும் மிளகுத்தூள் தூவி இறக்கினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு காயிலும் பச்சையாக ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். கசந்தால் அந்தக் காயை முழுசாகத் தூக்கி எறியுங்கள். அந்தக் கசப்பு விஷம், வேக வைத்தாலும் போகாது. போன ஏப்ரலில் வாங்கிய நாலு காயில் ஒன்று அப்படித்தான் இருந்தது.