நோயின் பெயரோடு நின்றுவிடாதீர்கள்: பேத்தோபிசியாலஜித் தேர்வில் நேரும் தவறுகள்

நோய் உடலின் இயக்கத்தை எப்படி மாற்றுகிறது என்று ஆராயும் பாடம் பேத்தோபிசியாலஜி. அதில் நோயாளியின் விவரத்தைக் கொடுத்துக் கேள்வி கேட்கும் தேர்வில் மாணவர்கள் மதிப்பெண் இழப்பது, பெரும்பாலும் நோயின் பெயர் தெரியாததால் அன்று. பெயர் பிடிபட்டவுடன் யோசிப்பதை நிறுத்திவிடுவதால்தான்.

திருவாரூர்ப் பக்கம் சம்பா நடவுச் சேற்றில் நாள்கணக்கில் நின்று வேலை செய்த 45 வயதுத் தொழிலாளிக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, பிறகு மஞ்சள் காமாலை என்று கேள்வி தொடங்கினால், டெல்டாவில் வளர்ந்த எவரும் எலிக்காய்ச்சல் என்று எழுதிவிடுவார். கேள்வியோ அதற்கு அப்பால் இருக்கிறது. காமாலைக்குக் காரணமான மஞ்சள் நிறமி பிலிருபின் மிக உயர்ந்திருக்க, கல்லீரல் நொதிகள் ஏன் சிறிதளவே கூடியுள்ளன? காமாலை என்றாலே கல்லீரல் செல்கள் பெருமளவில் மடிந்தன என்று எழுதுவது முதல் தவறு. இந்நோயில் செல்களுக்கிடையே உள்ள பிணைப்புகள் குலைந்து பித்தம் இரத்தத்தில் கசிகிறது. செல்களின் அழிவு ஒப்பளவில் குறைவு. உயர்ந்திருக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி, வலிக்கும் தசையிலிருந்து வருவது.

இரண்டாவது தவறு இன்னும் பரவலானது. சிறுநீரகச் செயலிழப்பு என்றதும் பொட்டாசியம் கூடும் என்று எழுதுவது மனப்பாடத்தின் வேலை. எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்தில் வடிகட்டிய நீர் முதலில் செல்லும் அண்மை நுண்குழல்கள் பாதிக்கப்பட்டுச் சோடியத்தை மீட்க இயலாமல் போகின்றன. அதற்கு அடுத்து வரும் சேய்மை நுண்குழலை அடையும் அந்த மிகைச் சோடியத்தை உறிஞ்சும்போது பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. ஆகவே சிறுநீரகக் கோளாற்றைக் காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தும் பொட்டாசியம் இயல்பாகவோ குறைந்தோ இருக்கலாம். பாடநூலின் பொதுவிதியை நம்பி, கண்முன் இருக்கும் எண்ணைச் சந்தேகிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படிக்கும்போது ஆய்வக முடிவுகளைத் தாளால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கூடுமா குறையுமா, எதனால் என்று முதலில் எழுதிப் பார்ப்பது பயன் தரும். விடைத் தெரிவுகளை முன்கூட்டியே பார்த்துவிட்டால் அந்தப் பயிற்சி வீணாகிவிடும்.

பொருந்தாத ஒரே அறிகுறியைக் கண்டு நோயை விலக்குவதும் தவறே. பூச்சிமருந்து குடித்தவருக்கு நாடி வேகமாக இருந்தால் ஆர்கனோபாஸ்பேட் நஞ்சு அன்று என முடிவுகட்டலாகாது. இந்நஞ்சு பொதுவாக நாடியைத் தளர்த்தும் என்றாலும், நரம்பு முடிச்சுகளைத் தூண்டும் அதன் நிக்கோடினிக் விளைவு நாடியை விரைவாக்கும். தரையில் படுத்துறங்கியவர் விடியலில் வயிற்று வலியோடும் இமைச்சரிவோடும் எழுந்தால், கடிவாயில் வீக்கமில்லை என்பதற்காகக் கட்டுவிரியனை ஒதுக்கக் கூடாது. அதன் நஞ்சு நரம்பு முனைகளையே சிதைப்பதால், நல்ல பாம்பின் கடியில் பலன் தரும், நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் சமிக்ஞையை வலுப்படுத்தும் நியோஸ்டிக்மின் மருந்து இங்கே பெரும்பாலும் பலிப்பதில்லை. முனைகள் மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம்.