யூபிஎஸ் இருந்தும் ஆபீஸ் கம்ப்யூட்டர் கெடுவது ஏன்?

2023-ல் தென்னாப்பிரிக்காவில் 300 நாளுக்கு மேல் லோட் ஷெட்டிங் (முறைவைத்துக் கரண்டை நிறுத்துவது) இருந்தது. 2024 மார்ச் கடைசியிலிருந்து அது பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் கேபிள் திருட்டாலும் கோடை இடிமழையாலும் டர்பன் பக்கம் இன்னும் கரண்ட் போகத்தான் செய்கிறது. லோட் ஷெட்டிங் நாட்களில் வாங்கிய யூபிஎஸ்ஸை மேசைக்கு அடியில் அப்படியே விட்டுவைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய தவறு, கரண்ட் போன பிறகும் யூபிஎஸ்ஸில் வேலையைத் தொடர்வது. சாதாரண 650 விஏ (யூபிஎஸ்ஸின் திறனைச் சொல்லும் அளவு) யூபிஎஸ்ஸுக்குள் பெரும்பாலும் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றுதான். கணக்குப்படி 84 வாட்-ஹவர். நடைமுறையில் ஏறக்குறைய அதில் பாதிதான் கிடைக்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 120 வாட் இழுத்தால் 20 நிமிடம் தாங்கினாலே அதிகம். பீப் கேட்டதும் சேவ் செய்து ஷட்டவுன் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒட்டத் தீர்த்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். தீர்ந்த பேட்டரி மறுபடி ஏற 6 முதல் 8 மணி நேரம் ஆகும். அதற்குள் மீண்டும் கரண்ட் போனால் வழக்கமான நேரம்கூடத் தாங்காது. உப்பிய பேட்டரியைச் சார்ஜில் விடவே கூடாது, உடனே மாற்றுங்கள்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். சூடாகும்போது அது ஆயிரம் வாட் அளவுக்கு இழுக்கும். 650 விஏ யூபிஎஸ் தருவது 400 வாட்டுக்கும் குறைவு.

யூபிஎஸ்ஸோடு வரும் யூஎஸ்பி கேபிளைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை இணைத்தால் பெரும்பாலான மாடல்களை விண்டோஸ் பேட்டரியாகவே காட்டும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய், 'பேட்டரி' பகுதியில் கிரிட்டிகல் லெவலை 20 சதவீதமாகவும், லோ லெவலை அதைவிடச் சற்று கூடுதலாகவும், கிரிட்டிகல் ஆக்‌ஷனை 'ஹைபர்னேட்' (திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அணைவது) என்றும் வையுங்கள். நீங்கள் சாப்பிடப் போயிருந்தாலும் திறந்திருந்த எக்செல் பத்திரமாக இருக்கும்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்தான் உண்மையில் ஆபத்தானது. தெருவிலுள்ள கீசர், ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்குவதால் வோல்டேஜ் ஏறி இறங்கும், சில சமயம் மறுபடி டிரிப்பும் ஆகும். அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ஆன் ஆனால், விண்டோஸ் பூட் ஆகும்போதே அறுந்து ஃபைல்கள் கெடலாம். விண்டோஸ் தொடங்கும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் (ஆன் செய்ததும் பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலீட் கீ), 'ஏசி பவர் லாஸ்' என்று வரும் அமைப்பை 'பவர் ஆஃப்' ஆக்குங்கள். யூபிஎஸ்ஸில் இல்லாத சாமான்களைச் சுவர் சுவிட்சில் அணைத்துவைத்து, கரண்ட் வந்து 10 நிமிடம் கழித்துப் போடுங்கள். சர்ஜ் பிளக் இருக்கிறதே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தாங்கிக்கொள்ள உள்ளே இருக்கும் வேரிஸ்டர் என்ற பாகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். 'புரொடெக்டட்' விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் எக்ஸ்டென்ஷன்தான்.

ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வாங்குபவர்கள் அடாப்டர் லேபிளை முதலில் படியுங்கள். 9 வோல்ட் ரவுட்டரில் 12 வோல்ட் பின்னைச் செருகினால் ரவுட்டர் கருகலாம். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும்; ஆம்பியர் லேபிளில் உள்ளதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் மினி யூபிஎஸ்ஸிலிருந்து அதற்கும் ஒரு வயர் வேண்டும், இல்லாவிட்டால் வைஃபை காட்டும், இன்டர்நெட் வராது.