கொடிமலைக்குப் போனால் மரங்களை நிமிர்ந்து பாருங்கள்

பினாங்குக் கொடிமலைக்குப் போகிறவர்கள் காலையில் முதல் மலை ரயிலைப் பிடியுங்கள். 2021இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த மலை இது. கூட்டம் ஏறுவதற்குள் காடு நிறையக் காட்டும். முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு மெதுவாக நடங்கள். இலைகள் சலசலத்தால் அப்படியே நில்லுங்கள். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட கருங்குரங்கு அநேகமாக அங்கே இருக்கும். அதன் குட்டி ஆரஞ்சு நிறம், என்ன அழகு! இலையைச் செரிக்கவென்றே அமைந்த வயிறு அதற்கு. ரொட்டி, பிஸ்கட் நீட்டாதீர்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். அப்புறம், மரத்தண்டுகளையும் உற்றுப் பாருங்கள். மரப்பட்டை நிறத்திலேயே பறக்கும் லெமூர் (மரத்துக்கு மரம் சறுக்கிப் போகும் விலங்கு) ஒட்டிக்கொண்டு தூங்கும். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.