பழைய இராணுவ நீதிமன்றத் தாள் கைக்கு வந்தால்

இலங்கையில் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்த மாத்தளைக் கிளர்ச்சியின் தலைவர் புரன் அப்புவை ஆங்கிலேயர் இராணுவ நீதிமன்றத்தில் விசாரித்து, 1848 ஆகஸ்ட் 8இல் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். "அந்தக் காலத்து அசல்" என்று யாராவது ஒரு தாளை நீட்டினால், முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். அன்றைய ஆங்கிலேயக் கடதாசிகள் பலவற்றில் நீர்க்குறியோடு (தாள் செய்யும்போதே அதற்குள் பதியும் அடையாளம்) ஆண்டும் தெரியும். அந்த ஆண்டு ஆவணத்தின் திகதிக்குப் பிந்தியதென்றால் பேரமே பேச வேண்டாம். பொருந்தினாலும் உடனே நம்பிவிடாதீர்கள்; பழைய வெற்றுத்தாளில் புதிதாக எழுதி விற்கிறவர்களும் உண்டு.

அடுத்தது தாளைப் பாதுகாப்பது. நுவரெலியா, ஹட்டன் போன்ற மலைநாட்டுப் பக்கமென்றால் ஈரம்தான் எதிரி. லெமினேட், செலோடேப் இரண்டும் கூடாது. அமிலமில்லாத கடதாசி உறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலுமாரியில் வையுங்கள். அடுப்புக்கு மேல் பரணில் (எங்கள் வீட்டுப் பழக்கம்!) வேண்டவே வேண்டாம். குறிப்பு எழுதுவதானால் உறையில், பென்சிலால்.